தம் சட்டத்தைத் தாமே திருத்திய இமாம்

இந்தோனேசியாவின் பழைய 5,000 ரூப்பியா நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? 2001இல் வெளியான அந்த நோட்டில் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு முதியவர் இருப்பார். பார்வையிலேயே கண்டிப்பு தெரியும். அவர்தான் துவாங்கு இமாம் போஞ்சோல். மேற்குச் சுமத்ராவில் டச்சுக்காரர்களை எதிர்த்து நின்ற தலைவர். 1973இல் இந்தோனேசியா அவருக்குத் தேசிய வீரர் என்ற தகுதியை வழங்கியது.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் தென்கிழக்காசிய வரலாறு எடுத்தபோதுதான் இவரைப் பற்றிப் படித்தேன். கோட்டை, பீரங்கி, முற்றுகை என்று எதிர்பார்த்தே புத்தகத்தைத் திறந்தேன். அவை எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் போர்க்களக் கதைகளைவிட ஓர் ஊர்க்கூட்டம் பற்றிய சில பக்கங்கள்தாம் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. அந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு முன் அவர் பிறந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் பெயர். நம் நாட்டில் துவாங்கு என்றால் அரச குடும்பத்தார் என்று நினைப்போம். மினாங்கபாவ் மலைநாட்டில் அது சமய ஆசிரியர்களுக்குத் தரப்பட்ட மரியாதைப் பட்டம். இவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் முகமது ஷஹாப். 1772இல் பிறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1773இல், பாகாருயுங் அரச வம்சத்தைச் சேர்ந்த ராஜா மெலேவார் நெகிரி செம்பிலானின் முதல் யாங் டிபெர்துவான் பெசாராக அமர்த்தப்பட்டார். ஆக, இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல. வரலாற்றுப் பாடத்தில் அடாட் பெர்பாத்தே என்று படித்தோமே, அதன் வேர் இமாம் போஞ்சோல் பிறந்த அந்த மலைநாட்டில்தான் இருக்கிறது.

அங்கே குலம் தாய்வழியில் வரும். அம்மாவின் குலமே பிள்ளையின் குலம். ரூமா காடாங் எனப்படும், கொம்பு போல் வளைந்த கூரை கொண்ட பெரிய வீடும் அதைச் சுற்றியுள்ள நெல்வயலும் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்கும் போகும். கணவன் மனைவி வீட்டுக்கு ஒரு விருந்தாளியைப் போல வருவான். அவனுடைய பொறுப்பெல்லாம் தன் சகோதரியின் பிள்ளைகளிடத்தில். தாய்மாமனுக்கு நம் வீடுகளில் சடங்குகளில் ஒரு தனி இடம் உண்டு. அங்கே அவருக்குச் சொத்து நிர்வாகமும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் சேர்ந்திருந்தன. குலத்தலைவரான பெங்ஹுலுவும் அந்தத் தாய்வழியிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊருக்கு நாகாரி என்று பெயர். நம் நகரி என்ற சொல்லோடு தொடர்புடையதுதான் அது.

இதே மக்கள் முஸ்லிம்கள். இஸ்லாமிய வாரிசுரிமை முறையான ஃபராயிட் பங்கீட்டில் தந்தையின் சொத்து அவருடைய பிள்ளைகளுக்கு வரும். மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு. தந்தைக்குப் பிள்ளைகள் இருக்கும்போது சகோதரியின் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. வழக்கம் ஒரு பக்கம் போகிறது, சட்டம் இன்னொரு பக்கம் போகிறது. பல தலைமுறைகளாக இரண்டும் ஒரே ஊரில் பெரிய சண்டையின்றி இருந்திருக்கின்றன. தொழுகைக்குப் பள்ளிவாசல், படிப்புக்கு சுராவ் எனப்படும் சமயக்கூடம், நிலத்துக்கும் கல்யாணத்துக்கும் அடாட் என்று ஏதோ ஒரு சமாளிப்பு.

அப்படியானால் 1800ஐ ஒட்டி ஏன் எல்லாம் வெடித்தது? மதம் மட்டும்தான் காரணம் என்று நான் நினைத்திருந்தால் கட்டுரையில் பாதி மதிப்பெண் போயிருக்கும். காப்பியும் ஒரு காரணம்.

பாகாருயுங் அரசர்களின் செல்வாக்குக்கு அடித்தளமாக இருந்த தங்கச் சுரங்கங்கள் 18ஆம் நூற்றாண்டின் முடிவில் வற்றிப்போயின. அதே காலத்தில் மேற்குக் கரைத் துறைமுகங்களுக்கு அமெரிக்கக் கப்பல்கள் காப்பி வாங்க வரத் தொடங்கின. நெல் விளையாத மலைச்சரிவுகளில் காப்பி நன்றாக வளரும். அந்தச் சரிவு எந்தப் பாட்டியின் வயலும் அல்ல. அதைத் திருத்தி, செடி நட்டு, காய்ந்த கொட்டையைத் தலைச்சுமையாகக் கரைக்கு இறக்கியவன் ஓர் ஆண். அந்தப் பணம் யாருக்கு? மனைவி பெற்ற பிள்ளைகளுக்கா, சகோதரி பெற்ற பிள்ளைகளுக்கா? பழைய வழக்கத்துக்கு இந்தக் கேள்வி இவ்வளவு கடுமையாக முன்பு வந்ததில்லை.

வழியிலும் தொல்லை. பெங்ஹுலுவின் சொல் அவருடைய நாகாரி எல்லையோடு நின்றுவிடும். எல்லையைத் தாண்டினால் வணிகனைக் கொள்ளையடிப்பார்கள். சில வேளைகளில் ஆளையே பிடித்து அடிமையாக விற்றுவிடுவார்கள். கடன், எடை, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் எந்த ஊரிலும் செல்லுபடியாகும் ஒரு விதி தேவைப்பட்டது. ஷரியாவில் அது இருந்தது. ஆகாம் பகுதியில் துவாங்கு நான் துவோ என்ற முதிய ஆசிரியர் 1780களிலிருந்தே இதைப் பேசிவந்தார். சந்தையில் நேர்மை வேண்டும், ஆள்பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று எடுத்துச் சொன்னார். வரலாற்றாசிரியர் கிறிஸ்டின் டாபின் இந்தப் பொருளாதாரப் பின்னணியைத் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். எனக்குக் கதவைத் திறந்துவிட்டது அந்த நூல்தான்.

துவோவின் மாணவர்களில் ஒருவர் காமாங் ஊரைச் சேர்ந்த துவாங்கு நான் ரென்செ. ஆசிரியர் மெதுவாகப் போகிறார் என்று அவருக்குப் பொறுமை இல்லை. 1803 வாக்கில் மூன்று ஹாஜிகள் மெக்காவிலிருந்து ஊர் திரும்பினார்கள். அப்போது அரேபியாவில் வஹாபிகளின் கை ஓங்கியிருந்தது. மெக்காவே அவர்களிடம் வீழ்ந்திருந்தது. தாங்கள் அங்கே பார்த்த கண்டிப்பை இங்கேயும் கொண்டுவர ஹாஜிகள் விரும்பினார்கள். ரென்செ அவர்களோடு சேர்ந்துகொண்டார். இப்படித்தான் பாத்ரி இயக்கம் பிறந்தது.

சேவல் சண்டை, சூதாட்டம், கள், அபின் எல்லாம் தடை செய்யப்பட்டன. இதுவரை பலரும் தலையாட்டியிருப்பார்கள். அடுத்து புகையிலையும் வெற்றிலையும் தடை செய்யப்பட்டன. ஆண்கள் வெள்ளை உடுத்தித் தாடி வளர்க்க வேண்டும். பெண்கள் முகத்தை மறைக்க வேண்டும். வெற்றிலையைத் தடை செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். வெற்றிலை பாக்கு மாற்றாமல் நம் வீட்டில் நிச்சயதார்த்தம் ஏது? மினாங்கபாவ் வழக்கத்திலும் வெற்றிலைத் தட்டை நீட்டாமல் ஒரு நல்ல பேச்சு தொடங்காது. அதைப் பறித்தால் அடாட்டின் வாயையே அடைத்ததாகிவிடும். ரென்செ புகையிலை மென்றதற்காகத் தம் சொந்தச் சின்னம்மாவையே கொல்ல வைத்தார் என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. தாய்வழிச் சமூகத்தில் அம்மாவின் சகோதரியும் அம்மாதான். இந்த இடத்தைப் படித்த அன்று மேற்கொண்டு படிக்க மனம் வரவில்லை.

கிழவர் துவோ இதை ஏற்கவில்லை. ஓர் ஊரில் ஒரே ஒரு நம்பிக்கையாளர் இருந்தாலும் அந்த ஊரைத் தாக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. மாணவர்கள் அவரை ஓரங்கட்டினார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இஸ்லாமும் அடாட்டும் நேருக்கு நேர் மோதியதாகவே இந்தக் கதையைப் பலர் சுருக்கிவிடுகிறார்கள். துவோவும் ரென்செயும் ஒரே சட்டத்தைப் படித்தவர்கள். ஊரோடு பேசி மாற்றுவதா, ஊரை எரித்து மாற்றுவதா என்பதில்தான் அவர்கள் பிரிந்தார்கள்.

நம் முகமது ஷஹாப் சேர்ந்தது ரென்செயின் பக்கம். அவரிடம் படித்துவிட்டு வடக்கே அலாஹான் பாஞ்சாங் பள்ளத்தாக்குக்குத் திரும்பி, அங்கிருந்த இயக்க ஆதரவாளரான குலத்தலைவர் டத்தோ பண்டஹாராவோடு சேர்ந்து போஞ்சோல் என்ற அரண் சூழ்ந்த குடியிருப்பை எழுப்பினார். நிலநடுக்கோடு அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இன்று பயணிகள் நின்று படமெடுக்க அங்கே ஒரு நினைவுச்சின்னமும் உண்டு. மண்சுவர், மூங்கில் வேலி, நடுவில் பெரிய பள்ளிவாசல், வாரச் சந்தை. ஊரின் பெயரே அவர் பெயரானது. தொழுகையை முன்நின்று நடத்துபவர், வழக்குத் தீர்ப்பவர், படைத்தலைவர் எல்லாம் அவரே.

இனி வரும் பகுதியைத் தேசிய வீரர்களைப் பற்றிய சிறு நூல்கள் பெரும்பாலும் விரைவாகக் கடந்துவிடும். போஞ்சோல் படைகள் வடக்கே ராவ், மண்டாயிலிங் பகுதிகளுக்குள் புகுந்தன. ஊர்கள் எரிந்தன, கால்நடைகள் பறிபோயின, மனிதர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். தெற்கே வேறு பாத்ரித் தலைவர்கள் 1815 வாக்கில் பாகாருயுங் அரச குடும்பத்தில் பலரைக் கொன்றார்கள். இந்தப் போரிலிருந்து தப்பிய மண்டாயிலிங், ராவா மக்களில் பலர் நீரிணையைக் கடந்து பேராக், சிலாங்கூர், பகாங் பகுதிகளில் குடியேறினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று நம் வகுப்புகளில் நம்மோடு படிக்கிறார்கள். 2007இல் இந்தோனேசியாவில் சிலர் இமாம் போஞ்சோலுக்குத் தந்த வீரர் தகுதியைத் திரும்பப் பெற வேண்டும் என்று கோரியதற்குக் காரணமும் இந்தத் தாக்குதல்கள்தாம். தகுதி பறிக்கப்படவில்லை. அந்தக் கோரிக்கையில் நியாயமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

இவ்வளவு செய்தவர் பிறகு செய்த காரியம்தான் நான் முன்பு சொன்ன கூட்டம். நமக்கு இது தெரிய வந்ததே அவருடைய நினைவேட்டின் வழியாகத்தான். நாடு கடத்தப்பட்ட காலத்தில் ஜாவி எழுத்தில் அவர் வாழ்க்கை பதிவானது. மகன் அதைத் தொடர்ந்து எழுதினார்.

தாம் நடத்துவது உண்மையிலேயே இறைவனின் சட்டம்தானா என்ற ஐயம் ஒரு கட்டத்தில் இமாமுக்கு எழுகிறது. மூலத்தையே விசாரித்து வருமாறு தம் உறவினர் ஃபக்கி முகமது, துவாங்கு தம்புசாய் ஆகியோரை மெக்காவுக்கு அனுப்புகிறார். அப்போது அது விமானத்தில் சில மணி நேரப் பயணம் அல்ல; மாதக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். இதற்கிடையில் அரேபியாவின் நிலை தலைகீழாகியிருந்தது. எகிப்தியப் படை 1813இல் மெக்காவை மீட்டுவிட்டது. 1818இல் வஹாபிகளின் தலைநகரம் திரியா தரைமட்டமானது. போனவர்கள் திரும்பி வந்து சொன்னது ஒரே செய்திதான்: மூன்று ஹாஜிகள் கொண்டுவந்த விதிகளை மெக்கா இப்போது ஏற்பதில்லை.

எனக்கு வியப்பளிப்பது இதற்குப் பின் நடந்தது. இந்தச் செய்தியை அவர் எளிதாக மறைத்திருக்கலாம். கேள்வி கேட்க அந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் துணிவிருந்திருக்காது. அவரோ பெங்ஹுலுகளையும் சமய ஆசிரியர்களையும் பொதுமக்களையும் கூட்டினார். கொள்ளையாக வந்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். நடந்த தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்டார். அதிகாரத்தையும் பிரித்துக் கொடுத்தார். வழக்கம் சார்ந்த சிக்கல் என்றால் குலத்தலைவர்கள் முடிவு சொல்லட்டும், சமயச் சட்டம் சார்ந்தது என்றால் ஆலிம்கள் சொல்லட்டும் என்று ஏற்பாடு. வழக்கம் சட்டத்தின் மேல் நிற்கிறது, சட்டம் இறைநூலின் மேல் நிற்கிறது என்ற பொருளில் மினாங்கபாவ் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்யும் வாய்பாடு ஒன்று உண்டு. நினைவேட்டின் இந்தப் பக்கங்களை ஆய்வாளர்கள் அதனோடு சேர்த்தே படிக்கிறார்கள்.

இதில் அரசியல் கணக்கும் இருந்திருக்கும் என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டுமே. டச்சுக்காரர்கள் நெருங்கிக்கொண்டிருந்தார்கள், ஊர் இரண்டுபட்டுக் கிடந்தால் யாருக்கு லாபம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கணக்குப் போடுபவர் பொதுவாகப் பறித்த மாட்டைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

டச்சுக்காரர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாத்ரிகளின் தாக்குதலைத் தாங்க முடியாத அடாட் தலைவர்கள் 1821 பிப்ரவரியில் பாடாங்கில் அவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்து உதவி கேட்டார்கள். உதவிக்கு வந்தவர்கள் கோட்டை கட்டினார்கள். ஜாவாவில் டிப்போநெகோரோவின் போர் 1825இல் மூண்டபோது சுமத்ராவில் சற்று அடங்கியிருந்தார்கள்; 1830இல் அது முடிந்ததும் முழு வேகத்தில் திரும்பினார்கள். 1832இல் போஞ்சோலும் அவர்கள் கைக்குப் போனது. வேலைக்கு ஆள் பிடிப்பது, பள்ளிவாசலைப் படைவீரர்கள் தங்குமிடமாக்குவது என்று அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் அழைத்தவர்களுக்கே வெறுத்துவிட்டது. 1833 ஜனவரியில் அடாட் தரப்பும் பாத்ரித் தரப்பும் ஒன்றாக எழுந்து போஞ்சோலில் இருந்த டச்சுப் படையைத் தாக்கின. பத்து ஆண்டுகளுக்கு முன் இவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள். அந்தக் கூட்டம் நடக்காமல் இருந்திருந்தால் இந்தக் கூட்டணி சாத்தியமா என்று எனக்குத் தெரியவில்லை. சாத்தியமில்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு நீண்ட முற்றுகை. 1837 ஆகஸ்டு 16இல் போஞ்சோல் விழுந்தது. தப்பிய இமாமை அக்டோபரில் பேச்சுவார்த்தைக்கென்று பாலுப்புவுக்கு அழைத்தார்கள். போன இடத்தில் கைது செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 65. ஜாவாவில் சியாஞ்சூர், அங்கிருந்து அம்போன், கடைசியில் சுலாவெசியின் வடகோடியில் மனாடோ அருகே லோத்தா. கிறிஸ்தவர்கள் நிறைந்த மினாஹாசா பகுதியில், தம் மொழி பேசாத ஊரில், 1864 நவம்பரில் இறந்தார். 92 வயது. கல்லறையும் அங்கேதான்.

அவர் போட்ட கோடு அதோடு எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடவில்லை. எது அடாட்டின் பக்கம், எது ஷரியாவின் பக்கம் என்று யார் முடிவு செய்வது? குறிப்பாக, சொத்து? மெக்காவில் ஷாஃபி பிரிவின் இமாமாக இருந்த அகமது காத்திப் ஒரு மினாங்கபாவ்காரர். தாய்வழிச் சொத்துரிமை இஸ்லாமியச் சட்டத்துக்கு முற்றிலும் முரண் என்று 1890களில் கடுமையாக எழுதினார். ஊர் திரும்பாமலேயே 1916இல் மெக்காவில் காலமானார். அவருக்குப் பின் வந்த ஆலிம்களில் பலர் அவ்வளவு தூரம் போகவில்லை. முன்னோர் விட்டுச்சென்ற வயலும் வீடும் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை, அவை வக்ஃபு போன்ற குலச்சொத்து, ஆகவே பங்கிட அங்கே எதுவும் இல்லை என்று அவர்கள் விளக்கினார்கள். ஒருவர் தம் உழைப்பால் தேடியது மட்டும் ஃபராயிட் பங்கீட்டுக்கு உட்படும். 1968இல் பாடாங்கில் நடந்த கருத்தரங்கு ஒன்றிலும் இந்த நிலைப்பாடே உறுதி செய்யப்பட்டது. அன்று மலைச்சரிவில் காப்பி நட்டவனின் கேள்விக்கு ஒருவழியாக விடை கிடைத்தது என்று சொல்லலாம்.

நம் பக்கத்திலும் இதே கோடு உண்டு. நெகிரி செம்பிலானில் வழமை நிலத்துக்கென்றே 1909இல் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்த வகை நிலம் குலத்துப் பெண்களின் பெயருக்குத்தான் மாறும்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது என் விடுதித் தோழி ஒருத்தியிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவள் கோலா பிலாவைச் சேர்ந்த மலாய்க்காரப் பெண். அவர்கள் வீட்டு வயல் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்ததாம்; அடுத்து அவளுக்கும் அவள் அக்காவுக்கும் வரும். அண்ணனுக்கு அதில் பங்கில்லை. அவர் கேட்டதும் இல்லையாம். அப்பா சம்பளப் பணத்தில் வாங்கிய டுரியான் தோட்டம் மட்டும் ஃபராயிட் முறைப்படி போகும். அதில் அண்ணனுக்கு இரண்டு பங்கு, அவளுக்கும் அக்காவுக்கும் ஒவ்வொரு பங்கு. வயலில் இப்போது நெல் நடுவதில்லை என்றாள். எல்லாரும் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் நில வரியை ஆண்டுதோறும் அம்மா கட்டிவருகிறார்.